நான்காம் கியருக்குப் பதில் இரண்டாவது விழுந்தது: வால்வு வளைந்துள்ளதா என்பதை ஹெட்டை (எஞ்சினின் மேல்பாகத்தை) இறக்காமல் அறிய முடியுமா? (2002 சிட்டி 1.5 வீடெக்)

திருப்பூர்_வீடெக் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2002-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 வீடெக். 1493 சி.சி., 106 குதிரைத்திறன் எஞ்சின். அப்பா புதிதாக வாங்கிய வண்டி. இப்போது 1,48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 1,10,000-இல் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர் மூன்றையும் மாற்றினோம். ஆயில் மாற்றுவதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை செங்கப்பள்ளியிலிருந்து பெருந்துறை செல்லும் நான்குவழிச் சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக மூன்றாம் கியரில் ஏறக்குறைய 6,500 சுற்று வரை இழுத்துவிட்டு, நான்காவதற்கு மாற்றுகிற அவசரத்தில் லிவரை இடப்பக்கமாகச் சாய்த்துவிட்டேன். நான்காவதற்குப் பதிலாக இரண்டாவது விழுந்தது. கிளட்சை விட்ட அந்த ஒரு நொடியில் வண்டி முன்பக்கம் அழுந்தியது, டேக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போனது, எஞ்சின் அலறியது. உடனே கிளட்சை மிதித்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது.

அதன்பின் வண்டி நிற்கவில்லை. மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் ஐடிலில் நடுங்குகிறது, ஒரு சிலிண்டர் மிஸ் ஆவதுபோல் இருக்கிறது, எஞ்சினின் மேல்பகுதியிலிருந்து சீராக ‘டிக் டிக்’ என்ற சத்தம் வருகிறது. ஆயில் பிரஷர் விளக்கு வழக்கம்போல் அணைந்துவிடுகிறது. டெம்பரேச்சர் ஏறவில்லை. ஸ்பார்க் பிளக்குகளையும் ஒயர்களையும் மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை.

இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஒருவர் டேப்பெட் (வால்வு இடைவெளியை வைக்கும் ஸ்குரூ) லூசாகியிருக்கிறது, கால் மணி நேரத்தில் டைட் வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் எஞ்சினை முழுவதும் இறக்கி போர் வேலை (சிலிண்டரைக் குடைந்து பிஸ்டன், ரிங் மாற்றுவது) செய்ய வேண்டும் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கோ இருக்கிறது என்று தோன்றுகிறது. எதையும் கழற்றுவதற்கு முன் எந்தச் சோதனைகளை எந்த வரிசையில் செய்தால் பாதிப்பு எங்கே என்று உறுதியாகத் தெரியும்? பொறுமையாக நானே செய்யத் தயாராக இருக்கிறேன்.

பழைய_பெட்ரோல்

தம்பி, இரண்டு வேலைகளை மட்டும் செய்யாதீர்கள். ஒன்று, இன்னொரு முறை எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். வளைந்த வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒரு பக்கமாக மட்டுமே சீட்டில் (வால்வு மூடி உட்காரும் வளையத்தில்) மோதுகிறது. அப்படி மோதி மோதித் தண்டும் தலையும் சேருமிடத்தில் ஒடிந்து தலை சிலிண்டருக்குள் விழுந்துவிட்டால், ஒரு வால்வோடு முடிய வேண்டிய செலவு பிஸ்டன், ஹெட், சிலிண்டர் சுவர் என்று பரவிவிடும். இரண்டாவது, யார் சொன்னாலும் டேப்பெட் ஸ்குரூவைத் தொடவிடாதீர்கள். இப்போது அந்த எட்டு எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்), எட்டு இன்டேக் (காற்று உள்ளே வரும்) வால்வுகளில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் கையிலுள்ள முதல் சாட்சி. ஒருவர் அதைச் சரிசெய்துவிட்டால் சத்தம் குறையும், சாட்சியும் போய்விடும், நோய் அப்படியே இருக்கும்.

என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் சோதனைகளின் பொருள் புரியும். ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரம் கியர்பாக்ஸ் வழியாக எஞ்சினைச் சுற்றும்போது அதனால் எதையும் தடுக்க முடியாது. இரண்டாம் கியரின் விகிதம் மூன்றாவதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்பதால், 6,500 சுற்றிலிருந்து கிளட்ச் முழுவதும் பிடித்திருந்தால் எஞ்சின் 9,000-ஐத் தாண்டியிருக்கும். வால்வை ஓட்டத் தேவைப்படும் விசை சுற்றின் வர்க்கத்தோடு கூடும். 7,000-இல் சமாளிக்கிற ஸ்பிரிங்குக்கு 9,500-இல் ஏறக்குறைய 1.8 மடங்கு வேலை. அது முடியாதபோது வால்வு கேமை (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் சுழல்தண்டை) பின்தொடராமல் மிதக்கிறது, தாமதமாக மூடுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டன் மேலேறி வருகிற வேளையில்தான் எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டிருக்கும். அது தாமதித்தால் பிஸ்டன் அதைத் தட்டிவிடும். ஆகவே நான் எக்ஸாஸ்ட் வால்வுகளையே முதலில் சந்தேகிப்பேன். இந்த எஞ்சினில் அவை ரேடியேட்டர் பக்கம் இருப்பவை.

முதலில் டைமிங். டேப்பெட் கவரையும் பெல்ட்டின் மேல் கவரையும் கழற்றுங்கள். அப்படி ஒரு அதிர்ச்சியில் பெல்ட் ஒரு பல் தாவியிருக்க வாய்ப்புண்டு. அது தாவியிருந்தால் மற்ற எல்லா அளவுகளும் உங்களைக் குழப்பும். கிராங்க் புல்லியை ஸ்பேனர் போட்டுச் சுற்றும்போது கவனம்: இந்தக் குடும்பத்து ஹோண்டா எஞ்சின்கள் புல்லி பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. மற்ற வண்டிகளின் பழக்கத்தில் மாற்றிச் சுற்றுகிற மெக்கானிக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிராங்க் புல்லியின் வெள்ளைக் குறி கவரின் முள்ளுக்கு நேராக வந்து, கேம் புல்லியில் ‘அப்’ என்று பொறித்த எழுத்து மேலே நின்று, அதன் இருபக்கக் கோடுகளும் ஹெட்டின் மேல் விளிம்போடு ஒரே மட்டத்தில் இருந்தால் பெல்ட் சரியாக இருக்கிறது. பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட்டுக் கையாலேயே சுற்றுங்கள். எங்காவது முட்டினால் பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது ஃபீலர் கேஜ் (வால்வு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்). எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஒன்றாம் சிலிண்டரை கம்ப்ரஷன் மேல்நிலையில் (வால்வுகள் மூடியிருக்க, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்தி அதன் நான்கு வால்வுகளையும் அளந்து, கிராங்க்கை அரைச் சுற்று திருப்பி மூன்றாவது, அடுத்த அரைச் சுற்றில் நான்காவது, அதற்கடுத்து இரண்டாவது என்று போங்கள். இன்டேக்குக்கு 0.18 முதல் 0.22 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.23 முதல் 0.27 மி.மீ. என்பது இந்த எஞ்சின்களின் வழக்கமான அளவு. பதினாறையும் ஒரு தாளில் எழுதுங்கள், எதையும் திருத்தாதீர்கள். அதே சமயம், ஒவ்வொரு சிலிண்டரிலும் இன்டேக் பக்கத்து மூன்று ராக்கர்களில் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கைகள்) நடுவிலுள்ளதை விரலால் அழுத்திப் பாருங்கள். அது மற்ற இரண்டையும் அசைக்காமல் தனியாக அசைய வேண்டும். அசையவில்லையென்றால் வீடெக் பின் (அதிக சுற்றில் மூன்று ராக்கர்களையும் ஒன்றாகப் பூட்டுவது) சிக்கியிருக்கிறது என்று பொருள். ஸ்பிரிங்குகளின் மேல்தட்டுகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, ஸ்பிரிங் எதுவும் ஒடிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள்.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது எந்தத் திசையில் மாறியிருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். வால்வு வளைந்திருந்தால் அது சீட்டில் முழுதாக ஏறி உட்கார முடியாது. எவ்வளவு கீழே தொங்குகிறதோ அவ்வளவு தூரம் அதன் தண்டின் முனை ராக்கரை விட்டு விலகி நிற்கும், ஆகவே இடைவெளி கூடும், சத்தம் வரும். சீட் தேய்ந்து வால்வு உள்வாங்கியிருந்தாலோ இதற்கு நேர்மாறாகத் தண்டு மேலேறும், இடைவெளி குறையும், சத்தமே இருக்காது, எல்.பி.ஜி.யில் வெகுகாலம் ஓடிய வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம். ராக்கர் தேய்ந்திருந்தாலும் இடைவெளி கூடத்தான் செய்யும், ஆனால் அப்போது கம்ப்ரஷன் நன்றாக இருக்கும். எனவே இடைவெளியையும் கம்ப்ரஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கம்ப்ரஷன் பார்ப்பதற்கு இன்ஜெக்டர், இக்னிஷன் இரண்டையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். நான் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றது இதற்குப் பொருந்தாது, ஸ்டார்ட்டரின் மெதுவான சுற்றில் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் கையால் சுற்றும்போது எங்கும் முட்டவில்லை என்று உறுதியான பின்பே செய்யுங்கள். இந்தக் குடும்ப எஞ்சின்களுக்கு 135 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டர்களுக்கிடையே 28-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது கணக்கு. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ.

கரூர்_பயணி

மேலே ஐயா சொன்ன வரிசையையே நானும் சொல்வேன். என் அனுபவத்தில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இதேபோன்ற டிக் சத்தத்துக்காக என் வண்டியின் ஹெட்டை இறக்கினார்கள். கடைசியில் பார்த்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கேஸ்கெட் கசிவு. அந்தச் சத்தம் காலையில் அதிகமாகவும் எஞ்சின் சூடானதும் குறைந்தும் இருந்ததை நான் அப்போதே கவனித்துச் சொல்லியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

உங்கள் சத்தம் உண்மையிலேயே கேம் பக்கத்துச் சத்தமா என்பதை அறிய டைமிங் லைட் உதவும். இந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பதால், ஏதாவது ஒரு பிளக் ஒயரில் கிளிப்பை மாட்டினால், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது லைட் ஒருமுறை மட்டுமே மின்னும். கேமின் வேகமும் அதுதான். ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு டிக் என்று சேர்ந்து வந்தால் அது வால்வு பக்கம். மின்னலுக்கு இரண்டு தட்டு விழுந்தால் கீழே கனெக்டிங் ராடு வரை சந்தேகம் போக வேண்டும். எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று முடிவாகிவிட்ட நிலையில் உங்களுக்கு இது பயன்படாமல் போகலாம். ஆனால் இதே பிரச்சினையோடு இங்கே வருகிற வேறொருவருக்குப் பயன்படும்.

திருப்பூர்_வீடெக்

மிகவும் நன்றி ஐயா, நன்றி நண்பரே. மூன்று மாலைகள் எடுத்துக்கொண்டு, சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

டைமிங் குறிகள் மூன்றும் சரியாகப் பொருந்துகின்றன, பெல்ட் தாவவில்லை. கையால் சுற்றியபோது எங்கும் முட்டவில்லை. ராக்கர்கள் தனித்தனியாக அசைகின்றன. இன்டேக் எட்டும் 0.19-க்கும் 0.22-க்கும் இடையில். எக்ஸாஸ்ட்டில் ஏழு வால்வுகள் 0.24 முதல் 0.28 வரை. மூன்றாம் சிலிண்டரின் ஓர் எக்ஸாஸ்ட் மட்டும் 0.46. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் அதுதான்.

கம்ப்ரஷன் ஒன்று 172, இரண்டு 170, மூன்று 92, நான்கு 174. மூன்றில் ஆயில் விட்டபின் 95. நீங்கள் சொன்ன பொருளை இப்போது படிக்க முடிகிறது. ஆனாலும் ஹெட்டை இறக்கும் முன் இன்னொரு உறுதி கிடைக்குமா? கார்பன் துணுக்கு ஏதாவது வால்வுக்கடியில் சிக்கியிருந்தாலும் இதே அளவுகள்தானே வரும்?

பழைய_பெட்ரோல்

நல்ல கேள்வி தம்பி. வரும். அப்படி அதிக சுற்றில் போன எஞ்சினில் கார்பன் உதிர்ந்து சீட்டில் மாட்டுவது உண்டு. மூன்றாம் சிலிண்டரை கம்ப்ரஷன் மேல்நிலையில் வைத்து, அந்த வால்வின் ராக்கர் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, சிறிய சுத்தியலால் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தட்டுங்கள். வால்வு சற்றே திறந்து படாரென்று மூடும். துணுக்கு இருந்தால் விலகும். பிறகு இடைவெளியை மறுபடி அளங்கள். 0.25-க்குத் திரும்பினால் நீங்கள் பெரிய செலவிலிருந்து தப்பினீர்கள்.

திரும்பவில்லையென்றால் லீக் டவுன் சோதனை. அதே நிலையில் பிளக் ஓட்டை வழியாக 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்த வேண்டும். காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைச் சுற்றிவிடும் என்பதால் வண்டியை ஐந்தாம் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டையும் கொடுங்கள். புல்லி போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவிடாதீர்கள், அது சுழன்று கையை முறித்துவிடும். பிறகு காதால் தேடுங்கள். திராட்டில் வாயில் இரைச்சல் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். நல்ல சிலிண்டரில் பத்து சதவீதத்துக்குள்தான் கசியும்.

போனில் மாட்டும் சிறிய எண்டோஸ்கோப் கேமரா கிடைத்தால் பிளக் ஓட்டை வழியாக பிஸ்டன் தலையையும் பாருங்கள். வால்வு பட்டிருந்தால் கரியின் நடுவே பிறைபோல ஒரு வெள்ளிக்கோடு பளிச்சென்று தெரியும்.

லேத்_கோவை

நான் கோவையில் ஹெட் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த அளவுகளைப் பார்த்தால் ஹெட் இறங்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்; ஆனால் போர் வேலைக்கான காரணம் எதுவும் இதில் இல்லை. ஆயில் விட்டபோது மூன்று பிஎஸ்ஐ மட்டும் ஏறியது என்பதே ரிங்குகளுக்கு நீங்கள் தரும் நற்சான்றிதழ். அதைக் காட்டிப் பட்டறையில் பேசுங்கள்.

இறக்கும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். பதினாறு வால்வுகளையும் எந்த இடத்திலிருந்து எடுத்தார்களோ அந்த இடத்தைக் குறித்து அட்டையில் குத்தி வைக்கச் சொல்லுங்கள். கலந்துவிட்டால் மறுபடியும் சாட்சி போய்விட்டது. வெளியே எடுக்கும் முன்பே, ஹெட்டைக் கவிழ்த்து ஒவ்வொரு அறையிலும் மண்ணெண்ணெய் ஊற்றி, போர்ட் வழியாகக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஷனில் பிடிபடாத அளவுக்குச் சிறிதாக வளைந்த வால்வும் இதில் மாட்டிக்கொள்ளும். உங்கள் வண்டியில் ஒன்று வளைந்திருக்கிறது என்றால், மற்ற ஏழு எக்ஸாஸ்ட்டும் அதே சுற்றைப் பார்த்தவைதாம்.

வளைந்த வால்வு வெளியே வரும்போது கைடை (தண்டு ஏறி இறங்கும் குழாயை) கீறிக்கொண்டே வரும். ஆகவே அந்தக் கைடில் புது வால்வைப் போட்டு, தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்காமல் யாரும் சீட் கட்டிங் செய்யக் கூடாது. கைடு கோணலாக இருந்தால் சீட்டும் கோணலாகத்தான் வெட்டப்படும். ஸ்பிரிங்குகளைப் பதினாறையும் ஒரே பலகையில் வரிசையாக நிறுத்தி உயரம் பாருங்கள், குட்டையானவை வலுவிழந்தவை. ஸ்பிரிங் மேல்தட்டுகளையும் காட்டர்களையும் (தட்டை வால்வுத் தண்டில் பூட்டும் சிறு துண்டுகள்) துடைத்து, லென்ஸ் வைத்து விரிசல் பார்க்க வேண்டும். அதிக சுற்றில் போன எஞ்சினில் பலர் வால்வை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் தட்டு பிளந்து வால்வு உள்ளே விழுகிறது. என்னைக் கேட்டால் இந்த வயது வண்டிக்கு ஸ்பிரிங், ஆயில் சீல் முழுவதையும் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது.

ஹெட்டின் மட்டத்தை நேர்விளிம்பு வைத்து அளக்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் இழைக்கத் தேவையில்லை; வழக்கம் என்பதற்காக இழைத்துத் தள்ளுவது அலுமினிய ஹெட்டுக்கு நல்லதல்ல. கீழே இருக்கும் கனெக்டிங் ராடு பேரிங்குகளும் அதே அடியை வாங்கியவைதாம். ஆயிலை இறக்கி, ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். தங்கத்தூள்போல மின்னினால் சம்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டியை) கழற்றாமல் எதையும் திரும்பப் பூட்டாதீர்கள்.

திருப்பூர்_வீடெக்

தாமதமான பதிலுக்கு மன்னிக்கவும்; எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

மரக்கட்டை வைத்துத் தட்டியபின்னும் 0.46 மாறவில்லை. லீக் டவுனில் மூன்றாம் சிலிண்டர் ஏறக்குறைய 55 சதவீதம் கசிந்தது. என் மனைவி சைலன்சர் வாயில் கையை வைத்துக் காற்று வருகிறது என்று சொன்னபோது, அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஹெட் இறங்கியது. மூன்றாம் பிஸ்டனின் கரியில், வால்வுக்கென்று வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஓரத்தில், நகக்கண் அளவில் ஒரு பிறைக்கோடு. விரலால் தடவினால் மிக லேசாகத்தான் தட்டுப்படுகிறது, ஆகவே பிஸ்டனை மாற்றவில்லை. அந்த வால்வைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிக் காட்டினார் பட்டறைக்காரர். கையில் பிடித்துப் பார்த்தால் நேராகத்தான் தெரிந்தது. உருட்டியபோதுதான் தலை தள்ளாடியது.

மண்ணெண்ணெய் ஊற்றியபோது நான்காம் சிலிண்டரிலும் ஓர் எக்ஸாஸ்ட் மெல்லக் கசிந்தது. கம்ப்ரஷன் 174 காட்டிய சிலிண்டர் அது! அதையும் கண்ணாடியில் உருட்டினோம், மிகச் சிறிதாக வளைந்திருந்தது. எட்டு எக்ஸாஸ்ட் வால்வுகள், பதினாறு ஸ்பிரிங்குகள், சீல்கள், ஒரு கைடு, ஹெட் கேஸ்கெட், டைமிங் பெல்ட் ஆகியவை புதிதாகப் போடப்பட்டன. மேல்தட்டுகளில் விரிசல் இல்லை. ஃபில்டர் தாளில் தூள் எதுவும் இல்லை. ஹெட்டின் மட்டம் 0.03, எனவே இழைக்கவில்லை.

பூட்டியபின் நான்கு சிலிண்டர்களும் 170-க்கும் 176-க்கும் இடையில் நிற்கின்றன. ஐடில் பழையபடி அமைதியாக இருக்கிறது. 1,000 கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சின் ஆறியிருக்கும் ஒரு காலையில் டேப்பெட் இடைவெளிகளை மறுபடி அளந்து, அந்தப் பதினாறு எண்களையும் இங்கே பதிவிடுகிறேன்.